தேதியிட்ட கதைகளும் தெய்வக் கதைகளும்

உலகின் விசித்திரமான இடங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. படத்தைப் பார்த்து வியப்பதெல்லாம் ஒரு நிமிடம்தான். அதன்பின் அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கதை எங்கிருந்து கிளம்பியது, முதலில் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று துருவுவதில்தான் எனக்குப் பொழுது போகிறது. அப்படித் துருவியதில் ஒன்று புலப்பட்டது. ஒரு கதையில் ஓர் ஆண்டும் ஓர் இயந்திரமும் இரண்டு பொறியாளர்களும் இருந்துவிட்டால் அதை மறுகேள்வி இல்லாமல் நம்பிவிடுகிறோம். தெய்வமோ ஆவியோ சாபமோ தலைகாட்டினால் மீதியைக் கேட்காமலேயே ஒதுக்கிவிடுகிறோம். இந்த இரண்டு பழக்கங்களிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்பதை நான்கைந்து இடங்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் துர்க்மெனிஸ்தானின் காரகும் பாலைவனத்தில் எரிந்துகொண்டிருக்கும் தர்வாசா எரிவாயுப் பள்ளம். ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் சுவர்களிலும் அடியிலும் எண்ணற்ற இடங்களில் பல்லாண்டுகளாகத் தீ எரிந்துவந்தது. இரவில் வெகு தொலைவிலிருந்தே அதன் ஒளி தெரிந்தது; அண்மைக் காலத்தில் தீ வெகுவாகக் குறைந்துவிட்டது. நரகத்தின் வாசல் என்ற பட்டப்பெயர் அதற்கு உலகெங்கும் பரவிவிட்டது. அதனுடன் சொல்லப்படும் வரலாறு அநேகமாக எல்லோரும் கேட்டதுதான். 1971இல் சோவியத் பொறியாளர்கள் அங்கே துளையிட்டார்களாம். தரை உள்வாங்கி, துளையிடும் கருவியோடு சேர்ந்து சரிந்ததாம். வெளியேறிய வாயு சுற்றியுள்ளவர்களுக்குத் தீங்கு செய்துவிடக் கூடாதே என்று தீ வைத்தார்களாம். சில வாரங்களில் அணைந்துவிடும் என்று கணக்கிட்டார்களாம்.

ஆண்டு இருக்கிறது, காரணம் இருக்கிறது, மனிதனின் தப்புக்கணக்கும் இருக்கிறது. கதைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டத்தக்க ஆவணம் ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை. 2013இல் வெப்பம் தாங்கும் உடையணிந்து, பள்ளத்தின் அடிவரை கயிற்றில் இறங்கிய கனடா நாட்டுப் பயணி ஜார்ஜ் குருனிஸ், அந்நாட்டுப் புவியியலாளர்களிடம் விசாரித்தபோது அவர்கள் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளம் விழுந்தது 1960களில் என்றும், சேறும் வாயுவும் குமிழியிட்டபடி அது பல காலம் எரியாமலேயே கிடந்தது என்றும், தீ பற்றியது 1980களில்தான் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். பற்ற வைத்தவர் யார் என்பதற்கும் பதிவு கிடையாது. இருந்தும் பயணக் கையேடுகள் முதல் காணொளிகள் வரை 1971 என்ற ஆண்டு கல்வெட்டில் பொறித்ததைப் போல நிலைத்துவிட்டது. குருனிஸ் அடியிலிருந்து அள்ளி வந்த மண்ணில், அத்தகைய வெப்பத்திலும் உயிர்வாழும் பாக்டீரியாக்கள் இருந்தன. என்னைக் கேட்டால் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் இது கடைசி வரியாகக்கூட வருவதில்லை.

இதற்கு நேரெதிரான இடம் ரூப்குண்ட். உத்தராகண்டில், திரிசூல் சிகரத்தின் மடியில், கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. குறுக்களவு 40 மீட்டர்தான் தேறும். ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்து கிடக்கும். பனி உருகும் சில வாரங்களில் அதன் கரையிலும் தெளிந்த நீரின் அடியிலும் மனித எலும்புகள் தெரியத் தொடங்கும். 1942இல் வனக் காவலர் ஒருவர் இதைக் கண்டு தகவல் சொன்னபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆகவே இமயத்தைக் கடந்து வர முயன்று மடிந்த ஜப்பானியப் படையினராக இருக்கலாம் என்ற ஐயம் உடனே கிளம்பியது. எலும்புகள் மிகப் பழையவை என்று தெரிந்ததும் அந்த ஐயம் அடங்கியது. பின்னர், 1841இல் திபெத்தின்மீது படையெடுத்துச் சென்ற ஜம்முத் தளபதி ஜோராவர் சிங்கின் வீரர்கள் திரும்பும் வழியில் இங்கே அழிந்திருக்கக்கூடும் என்ற கருத்து எழுந்தது. கொள்ளைநோய் என்றார்கள் சிலர். இவை எல்லாமே படித்தவர்கள் சொன்ன, ஆண்டும் பெயரும் கொண்ட விளக்கங்கள்.

மலையடிவாரத்து மக்களிடம் வேறொரு கதை இருந்தது, பாட்டாகவே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நந்தா தேவிக்கு எடுக்கப்படும் பெரிய யாத்திரை இந்த ஏரியை ஒட்டிய பாதையில்தான் செல்கிறது. முன்னொரு காலத்தில் கன்னோசி அரசன் ஒருவன், கர்ப்பிணியான மனைவியோடும் நாட்டியப் பெண்கள் உள்ளிட்ட பரிவாரத்தோடும் ஆடம்பரமாக இந்த யாத்திரைக்கு வந்தான். தன் மலையின் தூய்மை கெட்டதைப் பொறாத தேவி, இரும்புக் குண்டுகள் போன்ற ஆலங்கட்டிகளைப் பொழிந்து எல்லோரையும் அங்கேயே மாய்த்தாள் என்று பாடல் சொல்கிறது.

2004இல் ஆய்வாளர் குழு ஒன்று ஏரிக்குச் சென்று எலும்புகளைச் சேகரித்துப் பரிசோதித்தது. சில மண்டையோடுகளில் ஆறாத முறிவுகள் இருந்தன. உருண்டையான, கனமான ஏதோ ஒன்று மேலிருந்து விழுந்து தாக்கியதால் ஏற்பட்ட முறிவுகள் என்று அவர்கள் கருதினார்கள். வாளோ ஈட்டியோ தாக்கினால் காயம் அப்படி அமையாது. ஒதுங்க ஒரு மரமோ குகையோ இல்லாத அந்தச் சரிவில், கிரிக்கெட் பந்தளவு ஆலங்கட்டிகள் கொட்டியிருந்தால் எல்லாம் பொருந்திவந்தது. காலத்தையும் கணித்தார்கள்: பொ.ஆ. 9ஆம் நூற்றாண்டு. படையெடுப்பு என்றும் கொள்ளைநோய் என்றும் சொன்ன விளக்கங்கள் பின்தள்ளப்பட, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாய்வழியாகக் காத்துவந்த பாட்டு ஆய்வுக்கூடத்தின் முடிவோடு கைகோத்து நின்றது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அழகான கதையாக முடிந்திருக்கும். பல கட்டுரைகள் இன்றும் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் 2019இல் வெளியான மரபணு ஆய்வு அந்த அழகைக் கலைத்துப் போட்டது. 38 பேரின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்ததில், 23 பேர் தெற்காசிய வம்சாவளியினர். அவர்களின் காலம் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியை ஒட்டியது. ஆனால் அவர்களும் ஒரே நாளில், ஒரே நிகழ்வில் இறந்தவர்கள் அல்லர் என்பதை, எலும்பிலுள்ள கரிமத்தைக் கொண்டு காலத்தை அறியும் கரிமக் கணிப்பு காட்டியது. மீதியிருந்தவர்களில் 14 பேரின் மரபணு, இன்றைய கிரேக்க நிலப்பகுதியிலும் கிரீட் தீவிலும் வாழும் மக்களின் மரபணுவோடு நெருங்கி நின்றது. அவர்கள் இறந்த காலமோ ஏறத்தாழ 1800. எஞ்சிய ஒருவர் தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினர். அவரும் அந்தப் பிற்காலத்தவரே. 38 பேரில் 15 பேர் பெண்கள். அவர்களில் எவரும் மற்றொருவருக்கு நெருங்கிய உறவினர் அல்லர். எலும்பில் பதிந்த வேதிக்கூறுகளைக் கொண்டு உணவைக் கணித்தபோதும் இரண்டு கூட்டத்தாரும் வெவ்வேறு உணவுப் பழக்கம் கொண்டவர்கள் என்றே தெரிந்தது.

கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இமயத்தின் 5,000 மீட்டர் உயரத்திற்கு எதற்காக ஏறினார்கள்? இதற்கு ஒரு பதிவும் இல்லை; இப்படி ஒரு கூட்டம் அவ்வழியே போனதாக எவரும் எழுதி வைக்கவில்லை. தேவியின் பாட்டு ஒரு கூட்டத்தாரின் முடிவை ஓரளவு நினைவில் வைத்திருந்திருக்கலாம். ஆனால் கடைசியாக வந்து மடிந்தவர்களுக்கு ஒரு பாட்டுகூட மிஞ்சவில்லை. ஆலங்கட்டி விளக்கம் பொய்த்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மரணம் என்ற நம் எதிர்பார்ப்புத்தான் பொய்த்தது.

இனி நகரும் கற்களுக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ரேஸ்ட்ராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப் படுகை இருக்கிறது. நீளம் நான்கரை கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுச் சமதளம். களிமண் காய்ந்து அறுகோண வடிவில் வெடித்த அந்தத் தரைமீது, தென்கோடியில் உள்ள பாறைச் சரிவிலிருந்து உருண்டு வந்த கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால், அது நகர்ந்து வந்த தடம் கோடாகப் பதிந்திருக்கிறது. சில கோடுகள் நூறு மீட்டரைத் தாண்டும். சில நேராகச் சென்று, திடீரென்று திரும்பி, வந்த திசைக்கே போகும். இரண்டு கற்கள் தண்டவாளம்போல இணையாக ஓடி, ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் திரும்பியிருக்கும். மனிதக் காலடியோ விலங்கின் தடமோ அருகில் இராது. கற்களில் பெரியவை 300 கிலோகூட இருக்கும்.

வேற்றுக்கிரகவாசிகள், காந்தப்புலம் என்றெல்லாம் பேசியவர்களை விட்டுவிடுவோம். புவியியலாளர்களுக்குள்ளேயே இது முக்கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் நீடித்த வழக்கு. 1948இல் முதல் ஆய்வு வந்தது. சுழற்காற்றைக் காரணமாகச் சொன்னார்கள். 1950களில் ஒருவர், கற்களைச் சுற்றித் தண்ணீர் உறைந்து பனித்தகடாகி, அந்தத் தகட்டைக் காற்று தள்ளியிருக்கும் என்றார். அதைச் சோதிக்க 1970களில் ராபர்ட் ஷார்ப், டுவைட் கேரி என்ற இருவர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கற்களைச் சுற்றி வட்டமாக இரும்புக் கம்பிகளை நட்டார்கள். கம்பிகளுக்கு இடையே கல் நுழையலாம். அகன்ற பனித்தகடு நுழைய முடியாது. பனிதான் காரணம் என்றால் தகடு கம்பிகளில் மாட்டிக்கொண்டு கற்கள் நகராமல் நிற்க வேண்டும். குளிர்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது, ஒரு கல் கம்பிகளைத் தாண்டி வெளியே போய்விட்டிருந்தது. இன்னொன்று இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தத் தரப்பும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளத்தக்க விடை! பனிக்கு இதில் பெரிய பங்கில்லை என்ற பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். ஏழாண்டுகள் கற்களுக்குப் பெயர் சூட்டி, அளந்து, குறித்து வைத்தும், ஒரு கல்லாவது நகர்வதை அவர்கள் கண்ணால் காணவில்லை.

அதைக் கண்டவர்கள் ரிச்சர்ட் நோரிஸும் அவருடைய உறவினர் ஜேம்ஸ் நோரிஸும். பூங்காவின் கற்களில் துளையிட அனுமதி கிடைக்காததால், வெளியிலிருந்து கொண்டு வந்த 15 சுண்ணாம்புக் கற்களில் ஜிபிஎஸ் கருவியைப் பதித்து, 2011இன் குளிர்காலத்தில் படுகையில் வைத்துவிட்டு வந்தார்கள். காற்றை அளக்கும் கருவியையும் நிறுத்தினார்கள். ஒரு கல் பத்தாண்டுகள்கூட அசையாமல் கிடக்கக்கூடிய இடத்தில் இப்படி ஒரு சோதனையைத் தொடங்க அசாத்தியப் பொறுமை வேண்டும். 2013 டிசம்பரில் அவர்கள் போனபோது படுகையின் ஒரு பகுதியில் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தண்ணீர் நின்றது. இரவில் அதன் மேற்பரப்பு உறைந்தது. காலையில் வெயில் ஏறியதும் பனி பல மீட்டர் அகலமுள்ள தகடுகளாக உடைந்து, இலேசான காற்றில் மிதந்து நகரத் தொடங்கியது. அந்தத் தகடுகளின் தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். சன்னல் கண்ணாடி அளவு. காற்றின் வேகம் நொடிக்கு 4 அல்லது 5 மீட்டர். முகத்தில் படும் தென்றலைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. அடியிலிருந்த களிமண் ஊறி வழுக்கலாகியிருந்தது. தகடுகள் கற்களை நெருக்கித் தள்ள, அவை நிமிடத்திற்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்தில் நகர்ந்தன.

ஒரே நாளில் 60க்கும் மேற்பட்ட கற்கள் இடம்பெயர்ந்தன. பக்கத்தில் நின்று பார்த்தால்கூட நகர்வது தெரியாத வேகம் அது. கரையில் நிற்பவருக்கு ஒப்பிட நிலையான பொருள் எதுவும் கண்முன் இல்லை, சுற்றிலும் எல்லாமே சேர்ந்து நகர்கிறது. பிற்பகலுக்குள் பனி உருகிவிடும். தடம் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். வாரக்கணக்கில் கழித்துப் படுகை காய்ந்த பின்புதான் வெளிப்படும். எவரும் இதைப் பார்த்ததில்லை என்பதற்குக் காரணம் இப்படி முழுமையாக விளங்கியது. சூறாவளி வேகக் காற்று தேவை, தடித்த பனிப்பாளம் தேவை என்று கணக்குப் போட்டவர்கள் எல்லாம் பெரிய கல்லுக்குப் பெரிய விசை வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கியவர்கள். 2014இல் ஆய்வு வெளியானது. வேற்றுக்கிரகக் கதையைச் சொன்னவர்களைவிட, விசையைக் கூட்டிக்கொண்டே போன அறிஞர்கள்மீதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

கதையே இல்லாத இடங்களும் உண்டு. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் நைகா சுரங்கத்தின் அடியில், ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டு தொழிலாளர் இருவர் சுரங்கப் பாதை வெட்டும்போது திறந்துகொண்ட குகை அப்படிப்பட்டது. அதற்குமுன் எந்த மனிதரும் அதைக் கண்டதில்லை என்பதால் அதற்குப் பழங்கதையும் கிடையாது. உள்ளே 11 மீட்டர் நீளத்திற்கும் மேற்பட்ட ஜிப்சம் படிகங்கள் தூண்தூணாகக் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்து கிடக்கின்றன. குகை திறந்தபோது வெப்பம் 58 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கியது. அங்கே நுழைந்தவரின் நுரையீரல்தான் அந்தக் குகையிலேயே குளிர்ந்த இடம். ஆகவே மூச்சில் போன ஆவி அங்கே நீராகப் படியத் தொடங்கியது. பாதுகாப்பு உடை இல்லாமல் பத்து நிமிடம் தாங்குவதே கடினமாக இருந்தது.

வெப்பம் ஏன் 58 டிகிரி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு மேல் அன்ஹைட்ரைட் என்ற தாது நிலைத்திருக்கும். சற்றுக் கீழே வந்தால் அது மெல்லக் கரைந்து ஜிப்சமாகப் படியும். அடியில் இருந்த எரிமலைக் குழம்பின் சூடு, குகையை நிறைத்திருந்த நீரை அந்த எல்லைக்கோட்டுக்கு மிக அருகிலேயே பல இலட்சம் ஆண்டுகள் வைத்திருந்தது. அதனால் புதுப் படிகங்கள் அதிகம் தோன்றவில்லை, இருந்தவை மட்டும் வளர்ந்துகொண்டே போயின. ஒரு மீட்டர் தடிமனான படிகம் உருவாக ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று ஆய்வுக்கூட அளவீடுகள் காட்டுகின்றன. சுரங்கத்தின் நீரிறைப்பு நின்ற பிறகு குகைக்குள் மீண்டும் நீர் புகுந்துவிட்டது. படிகங்களுக்கு அதுவே நல்லது.

அண்டார்டிகாவில் டெய்லர் பனியாற்றின் விளிம்பிலிருந்து இரத்தச் சிவப்பாக நீர் வழியும் இடம் 1911இல் கண்டறியப்பட்டது. சிவப்புப் பாசி என்றே பல காலம் எண்ணினார்கள். உண்மையில், பனிக்கடியில் ஒளியும் பிராணவாயுவும் இல்லாமல் அடைபட்டிருந்த உப்பு நீரிலுள்ள இரும்பு, வெளிக்காற்று பட்டதும் துருப்பிடித்துத் தரும் நிறம் அது. இதை இங்கே குறிப்பிடக் காரணம், இதே வேதியியல் வேறோர் ஏரியில் ஒரு பேரழிவின் சாட்சியாக நின்றது.

காமரூனின் நியோஸ் ஏரி 1986 ஆகஸ்ட் 21 இரவில் ஏறத்தாழ 1,746 பேரைக் கொன்றது. வெள்ளம் இல்லை, தீ இல்லை, வீடுகளுக்குச் சேதம் இல்லை. பள்ளத்தாக்குகளில் இருந்த மக்களும் ஆயிரக்கணக்கான கால்நடைகளும் இருந்த இடத்திலேயே மூச்சடங்கிக் கிடந்தார்கள். மயங்கி விழுந்து பல மணி நேரம் கழித்து விழித்தவர்கள், வீட்டில் தாம் மட்டும் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். நீல ஏரி செம்மண் நிறமாக மாறியிருந்தது. இரகசியமாக வெடிகுண்டைச் சோதித்துப் பார்த்தார்கள் என்ற வதந்தி உடனே பரவியது. நவீனமான, நம்பத்தக்க தோற்றமுடைய கதை. அந்தப் பகுதி மக்களிடமோ, ஏரிகள் இடம்விட்டு இடம் நகரும், பொங்கும், வெடித்து மக்களை மாய்க்கும் என்ற பழங்கதைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. மானிடவியலாளர் யூஜீனியா ஷாங்க்ளின் அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். ஏரி ஆளைக் கொல்லும் என்ற கதை உலகில் எங்கும் உண்டு. ஏரி வெடிக்கும் என்ற கதை எத்தனை இடங்களில் உண்டு?

நடந்தது இதுதான். பூமியின் ஆழத்திலிருந்து கரியமில வாயு கசிந்து, 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள ஏரியின் அடிநீரில் கரைந்து தேங்கியிருந்தது. மேலுள்ள நீரின் அழுத்தம் அதை அமுக்கி வைத்திருந்தது. ஏதோ ஒரு கலக்கத்தில் அடிநீர் சற்று மேலெழும்ப, அழுத்தம் குறைந்து வாயு குமிழியிட, குமிழிகள் மேலும் நீரை இழுத்துக்கொண்டு எழ, ஏரி தலைகீழாகப் புரண்டது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு, தரையை ஒட்டியே சரிவுகளில் இறங்கி, 25 கிலோமீட்டர் தொலைவுவரை உயிர்களைப் பறித்தது. நீரைச் சிவப்பாக்கியது, அடியிலிருந்து மேலே வந்து காற்றுப்பட்டுத் துருவேறிய இரும்பு. எரிமலையே வெடித்தது என்று வாதிட்டவர்களும் ஏரியில் தேங்கிய வாயுதான் என்று வாதிட்டவர்களும் 1987இல் காமரூனின் தலைநகர் யவுண்டேயில் நடந்த மாநாட்டில் எதிரெதிராக நின்றார்கள்.

வாதத்தைவிடத் தெளிவாகப் பேசியது ஒரு குழாய். 2001இல் ஏரியின் அடிவரை செங்குத்தாக ஒரு குழாயை இறக்கி, தொடக்கத்தில் மட்டும் சிறிது நீரை இறைத்துவிட்டார்கள். அதன்பின் மோட்டாருக்கு வேலையில்லை. வாயு விடுபடும் வேகத்திலேயே நீர் தானாக ஏறி, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திற்குப் பீறிட்டது. 2011இல் மேலும் இரண்டு குழாய்கள் சேர்க்கப்பட்டு, தேங்கியிருந்த வாயுவில் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டுவிட்டது. ஆனால் ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் இடையே கிவு ஏரி இருக்கிறது. நியோஸைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது; அடியில் கரியமில வாயுவோடு மீத்தேனும் கரைந்து கிடக்கிறது; கரைகளில் இருபது இலட்சம் பேர் வாழ்கிறார்கள். 2016 முதல் ருவாண்டா பக்கத்தில் ஒரு மிதவை நிலையம் அந்த அடிநீரை மேலே கொண்டுவந்து, மீத்தேனைப் பிரித்துக் கரைக்கு அனுப்ப, அங்கே மின்சாரம் எடுக்கப்பட்டுவருகிறது. வாயு பிரித்த நீரை எந்த ஆழத்தில் திருப்பிவிடுவது என்பதை அங்கே மிகுந்த கவனத்தோடு கணக்கிடுகிறார்கள். ஏரி நீரின் அடுக்குகள் குலைந்தால் என்ன ஆகும் என்பதை நியோஸ் ஏற்கெனவே காட்டிவிட்டது.